பேர்ல் ஹார்பர் தாக்குதலால் மட்டும்தான் அமெரிக்கா போரில் இறங்கியதா?

கேள்வி (ஊத்தங்கரை வாசகர்):
வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எங்கள் குழுவில் ஒரு கருத்து வேறுபாடு. போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் நடுநிலைச் சட்டங்களை 1935 முதல் அடுத்தடுத்து இயற்றிய அமெரிக்கா, 1941 டிசம்பர் 7 அன்று தன் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியதால்தான் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது என்கின்றனர் சிலர். அதற்கு முன்பே அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டைப் போரை நோக்கிச் செலுத்திவிட்டார் என்பது மற்றவர்களின் வாதம். எது சரி? ஒதுங்கி நிற்க அந்நாடு அவ்வளவு பிடிவாதம் காட்டியது ஏன்?

பதில் (பென்னாகரம்):
இரண்டாவது கேள்விக்கான விடை முதல் உலகப் போரில் இருக்கிறது. 1916 தேர்தலில், நாட்டைப் போரிலிருந்து காத்தவர் என்ற முழக்கத்தோடு வென்ற அதிபர் வில்சன், ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை மீண்டும் தொடங்கியதையும் அமெரிக்காவுக்கு எதிராகக் கூட்டுச் சேர மெக்சிகோவை ஜெர்மனி ரகசியமாக அழைத்த சிம்மர்மன் தந்தி வெளியானதையும் அடுத்து, 1917 ஏப்ரலில் போர்ப் பிரகடனம் கோரினார். பிரதிநிதிகள் சபையில் 50 பேர் எதிர்த்து வாக்களித்தனர். போர் முடிந்ததும் அவர் கொண்டுவந்த வெர்சாய் சமாதான உடன்படிக்கையைச் செனட் நிராகரித்தது. பின்னர் 1934-இல் அமைந்த செனட் விசாரணைக் குழுவான நை குழு, ஆயுத உற்பத்தியாளர்களும் வங்கிகளும் அப்போரில் ஈட்டிய லாபத்தை விசாரித்தபோது, நம் பிள்ளைகள் யாருக்காக மாண்டார்கள் என்ற மனக்கசப்பு மக்களிடம் வலுத்தது. நடுநிலைச் சட்டங்கள் அந்தக் கசப்பில் விளைந்தவை. அவற்றை வெறும் தன்னலம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

பதில் (காவேரிப்பட்டணம்):
முதல் கேள்விக்கு என் கருத்து: தாக்குதல் விவாதத்தை முடித்தது, ஆனால் கொள்கை அதற்கு முன்பே மாறிவிட்டது. ரொக்கம் கொடுத்துத் தம் கப்பலிலேயே ஏற்றிச் செல்வோருக்கு ஆயுதம் விற்கலாம் என்று 1939-இல் சட்டம் தளர்ந்தது. 1940 செப்டம்பரில் 50 பழைய போர்க்கப்பல்கள் பிரிட்டனுக்குச் சென்றன. பணத்தை உடனே பெறாமல் நட்பு நாடுகளுக்குப் போர்த் தளவாடங்களை வழங்க வகைசெய்யும் கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச்சில் வந்தது. அதே வேளையில், புகழ்பெற்ற விமானி லிண்ட்பெர்க் முன்னின்று பேசிய, போரில் இறங்குவதை எதிர்த்த 'அமெரிக்கா முதலில்' குழுவின் எதிர்ப்பும் வலுவாகவே இருந்தது. கட்டாய இராணுவச் சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என ஒரே வாக்கில் தப்பியது என்பதை உங்கள் குழுவினர் அவசியம் கவனிக்க வேண்டும்: டிசம்பர் 8 அன்று அதே சபையில் போர்ப் பிரகடனத்தை எதிர்த்து விழுந்தது ஜானெட் ரான்கினின் ஒரு வாக்கு மட்டுமே, அவர் 1917-லும் எதிர்த்தவர்.

பதில் (ஓசூர்):
மேலே சொன்னவற்றோடு, அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து வெளியிட்ட அட்லாண்டிக் சாசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1941 ஆகஸ்டில், போரில் இறங்குவதற்கு முன்பே, ரூஸ்வெல்ட் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுடன் சேர்ந்து மக்களின் சுயாட்சி உரிமையை அறிவித்தார். அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று அடுத்த மாதமே சர்ச்சில் கூறினார். 1942 ஏப்ரலில் ரூஸ்வெல்டின் தூதர் லூயிஸ் ஜான்சன் டெல்லி வந்து, பிரிட்டிஷ் அமைச்சர் கிரிப்ஸ் இந்தியத் தலைவர்களுடன் நடத்திய பேச்சுவார்த்தையில் உதவ முயன்றும் பலன் கிட்டவில்லை. நம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ஜப்பானிய ஆபத்தை முன்னிட்டு உடன்பாடு காண வேண்டும் என்று வாதாடி, அந்த ஆண்டே காங்கிரசிலிருந்து விலகினார். போரில் இறங்கிய பிறகும் பிரிட்டனின் நட்பை இழக்க மனமில்லாமல் அமெரிக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை என்பதே என் வருத்தம்.