மறுமொழி: கார்பன் கன்ஸ்ட்ரெயின்ட் – கரிமக் கட்டுப்பாடா, உமிழ்வு வரம்பா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புவியைச் சூடாக்கும் வாயுக்களை வெளிவிடுவதைக் குறைக்கச் சொல்லித் தொழில்மீது வரும் நெருக்கத்தைத்தான் ஆங்கிலத்தில் ‘கார்பன் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று குழுவில் நீங்கள் எழுதிய யோசனைகளுக்கு என் பதில் இது. சிறுதொழில் நடத்துவோருக்கான நம் கையேட்டின் தலைப்பிலேயே இந்தச் சொல் வருகிறது. அதனால் இதை அவசரமாக முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். இந்தச் சொல்லை நான் போய்ச் சொல்ல வேண்டியது அந்த ஆலைக்காரர்களிடமும், அவர்களுக்கு நெல் போடும் விவசாயிகளிடமும்தான்.

> ‘கரிமக் கட்டுப்பாடு’ சுருக்கமானது, நேர்ப்பொருள் தருவது. பழகிவிடும்.

டெல்டாவில் பழகாது. இங்கே கரிமம் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். மண்ணில் கரிமச்சத்து குறைந்துவிட்டது, தொழுவுரம் போடுங்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள் என்று வேளாண் அலுவலர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதே விவசாயியிடம் நாம் போய்க் கரிமத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்றால் அவர் யார் பேச்சைக் கேட்பது?

பொருளும் முழுதாகப் பொருந்தவில்லை. தண்ணீர் தேங்கிய வயலில், காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். யூரியா இட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு ஏறத்தாழ 273 மடங்கு. அதில் கார்பன் அணு ஒன்றுகூடக் கிடையாது! கணக்கில் வருவது வெளியேறும் வாயு. ஆகவே ‘உமிழ்வு’ என்பதே அடிச்சொல்லாக இருக்கட்டும்.

‘கட்டுப்பாடு’ என்றதும் ஆலைக்காரருக்கு நினைவு வருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புகைபோக்கி, அனுமதிப் புதுப்பிப்பு. இந்த நெருக்கமோ வேறு வழியாகவும் வருகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருக்கிறது. அவர்களுக்குச் சரக்குத் தருபவரிடமும் ஒருநாள் அந்தக் கேள்வி வந்து சேரும். ஐரோப்பிய ஒன்றியம் சிமெண்ட், இரும்பு, அலுமினியம், உரம் போன்றவற்றின் இறக்குமதிக்கு உமிழ்வை வைத்து எல்லைக் கட்டணம் கொண்டுவந்திருக்கிறது. அரிசி அந்தப் பட்டியலில் இல்லை. உத்தரவு போடுகிறவர் ஒருவர் அல்லர் என்பதால் ‘வரம்பு’ என்கிறேன். வயல்காட்டில் அதுதான் வரப்பு. டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

> அப்படியானால் ‘உமிழ்வு உச்சவரம்பு’ என்றே வைக்கலாமே? நில உச்சவரம்பு போல எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தவறாகப் புரியும். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆயிற்று. மொத்தம் இவ்வளவு, அதற்கு மேல் உனக்கில்லை என்பதே அங்கே உச்சவரம்பு. இந்தியா 2023இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் மொத்த உமிழ்வை அளந்து நிறுத்தவில்லை. உற்பத்தியாகும் ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு உமிழ்வு என்று பார்க்கிறது. உற்பத்தி இருமடங்காகி மொத்த உமிழ்வு கூடினாலும், டன்னுக்கான அளவு இலக்குக்குள் இருந்தால் ஆலை தப்பித்துக்கொள்ளும். ஐரோப்பாவில் 2005 முதல் நடக்கும் திட்டம் மொத்தத்துக்கே எல்லை கட்டுவது; உச்சவரம்பை அதற்கென்று வைத்துக்கொள்வோம்.

> ‘தகவமைப்பு’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம்.

இதைத்தான் நான் கடுமையாக மறுக்கிறேன். புழுங்கலுக்கு அவித்த நெல்லைக் களத்தில் கொட்டி, காலால் கிண்டிவிட்டு, வெயிலில் காயவைப்பதுதான் வழக்கம். மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாயைப் போட்டு மூடுவார்கள். உள்ளே சூடும் ஈரமும் அடங்கிக் கிடக்கும் நெல்லில் ஓர் இரவிலேயே வாடை ஏறிவிடும், அரிசியும் நிறம் மாறிவிடும். பருவம் தப்பிப் பெய்யும் மழைக்குப் பயந்து ஆலைக்காரர் டிரையர் போடுகிறார். காலநிலைக்கு அவர் தகவமைந்துவிட்டார். ஆனால் வெயில் சும்மா செய்த வேலைக்கு இப்போது மின்சாரமும் உமியும் செலவாகின்றன. உமி எரிந்து வரும் கரியமில வாயு, பயிர் காற்றிலிருந்து எடுத்ததே என்பதால் தனிக் கணக்கு. மின்சாரமும், மின்தடையில் ஓடும் டீசல் ஜெனரேட்டரும் உமிழ்வுக் கணக்கில் ஏறுகின்றன. தகவமைப்பு ஒரு பக்கம் இழுக்க, வரம்பு மறுபக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த மனிதர் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தையே நம் கையேடு மறைத்துவிடும்.

உமிழ்வைக் குறைத்ததற்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்றான ‘கார்பன் கிரெடிட்’டுக்குக் ‘கரிமக் கடன்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டவே வேண்டாம். பேரேட்டில் கிரெடிட் என்றால் வரவு. ஆனால் ‘உமிழ்வு வரவு’ என்றால் உமிழ்வு கூடியதாகப் படும்; ‘உமிழ்வுக் குறைப்பு வரவு’ நீளமானாலும் சரி.

மாற்று ஈர உலர் பாசனம் என்ற பரிந்துரையும் தேவையில்லை. துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி தண்ணீர் விடும் முறைக்கு நம்மிடம் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ இருக்கிறது. மீத்தேனைக் குறைக்கும் அந்த முறை கையேட்டில் அந்தப் பெயரிலேயே போகட்டும்.

தீராமல் நிற்பது ‘எமிஷன் இன்டென்சிட்டி’. உமிழ்வுச் செறிவு என்கிறார்கள். வேதியியலில் செறிவு வேறு பொருளில் நிலைத்துவிட்டதால் ‘டன்னுக்கான உமிழ்வு’ என்று விரித்தே எழுதலாம் என்பது என் எண்ணம். ஐஸ் ஆலை, உப்பளம் நடத்தும் நாகப்பட்டினம், வேதாரண்யம் நண்பர்கள் தங்கள் தொழிலில் இது ஒத்துவருமா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து