கடல் சாமந்தி நஞ்சு: மண்டபத்துல கறக்கணுமா, மதுரையில செஞ்சுக்கணுமா?

வைகைமணல்
எம்.எஸ்ஸி. பசங்களுக்கு ஒரு புராஜெக்ட் யோசிச்சிருக்கோம். மண்டபம் கடல்ல ஸ்டைக்கோடாக்டைலா ஹடோனிங்கிற கடல் சாமந்தி (பூ மாதிரி விரிஞ்சு கொட்டுற கடல் பிராணி) கிடைக்குது. அதை டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு நஞ்சைக் கக்க வைக்கிறது, உறைய வச்சு உலர்த்துறது, டயாலிசிஸ் (சவ்வுப் பையில ஊற வச்சு உப்பை வெளியேத்துறது) பண்றது, அப்புறம் ஆட்டுச் சிவப்பணுவிலயும் ஹீலா புற்றுநோய்ச் செல்லுலயும் சோதிக்கிறது. மருந்து ஆராய்ச்சியில பேசப்படுற எஸ்எச்கே பெப்டைடு (சின்னப் புரதம்) வந்ததும் இதே ஸ்டைக்கோடாக்டைலா பேரினத்துக் கரீபியன் சாமந்தியிலிருந்துதான். நம்ம கடல்ல இருக்கிறதை நாம பார்க்காம வேற யாரு பார்ப்பா? மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

சிம்மக்கல் பெப்டைடு
அண்ணே, இந்த முறையை நான் கடுமையா எதிர்க்கிறேன். டிஸ்டில்டு வாட்டர்ல போட்டா கொட்டுற செல்லு மட்டுமா வெடிக்கும்? உடம்புச் செல்லு, உள்ள வாழுற பாசி எல்லாம் சேர்ந்து உடையும். புரோட்டீன் அறுக்கிற என்சைமும் கூடவே வந்து, நீங்க தேடுற பெப்டைடைக் குழாய்க்குள்ளயே வெட்டிப் போடும். அதே தண்ணியைச் சிவப்பணுவுல ஊத்தினா உப்பு குறைஞ்சே அணு உடையும். நஞ்சே இல்லாட்டியும் ரீடிங் வரும்.

அதைவிடப் பெரிய கோளாறு டயாலிசிஸ். எஸ்எச்கே மொத்தமே 35 அமினோ அமிலம், எடை சுமார் 4,055 டால்டன் (மூலக்கூறு எடையளவு). லேப்ல வழக்கமா இருக்கிற, 12,000 - 14,000 டால்டனுக்கு மேல உள்ளதை மட்டும் தங்க வைக்கிற பையில போட்டா அது வாளித் தண்ணியோட போயிடும். பையில தங்குறது 20,000 டால்டன் பக்கம் இருக்கிற ஆக்டினோபோரின்ங்கிற நஞ்சு. அது ஸ்பிங்கோமைலின்ங்கிற கொழுப்பு உள்ள எந்தச் சவ்வுலயும் ஓட்டை போடும். ஹீலாவையும் கொல்லும், நல்ல செல்லையும் கொல்லும். இதுக்குப் புற்றுநோய் மருந்துன்னு தலைப்பு வச்சா அது பொய். நோயாளி வீட்டுக்காரங்க இணையத்துல தேடிப் படிக்கிற காலம் இது.

வைகைமணல்
தம்பி, நீங்க சொன்னதுல பாதி, கவனமாச் செஞ்சாலே தீர்ற விஷயம். டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலா வடிகட்டின கடல் தண்ணியில வச்சு லேசா மின்தூண்டல் குடுக்கலாம். சோதனைக்கு முன்னாடி 9 பங்கு மாதிரிக்கு 1 பங்கு 10 மடங்கு அடர்த்தியான பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்)னு சேர்த்து உப்பைச் சரிக்கட்டலாம், உப்பு நீக்கின மாதிரிக்கு இது போதும். நஞ்சில்லாத அதே கரைசல் பக்கத்துல ஒரு குழியில இருக்கணும். உப்பு நீக்க டயாலிசிஸ் வேணாம், சி18 கார்ட்ரிட்ஜ் (பெப்டைடைப் பிடிச்சுவச்சு உப்பை விடுற குழாய்) போதும்: 0.1 சதவீத டிஎஃப்ஏ அமிலம் கலந்த தண்ணியில கழுவினா உப்பு போயிடும், 60 சதவீத அசிட்டோநைட்ரைல்ல பெப்டைடு இறங்கும். டிஎஃப்ஏவை நல்லா ஓட்டிடணும், மிச்சம் இருந்தா அந்த அமிலமே செல்லைக் கொன்னுடும். ஆக்டினோபோரின் சந்தேகம் இருந்தா, ஸ்பிங்கோமைலின் சேர்த்து ஊற வச்சுட்டுச் சோதிங்க. சிவப்பணு உடையறது நின்னா ஆள் அதுதான்.

ரத்தம் கறிக்கடையில வாங்குனா உறையாம தடுக்கிற சிட்ரேட் போட்ட குழாயில நேரடியாப் பிடிக்கணும். கடைக்காரர் தண்ணி அடிச்சுக் கழுவுன பாத்திரத்துல பிடிச்சா, கொண்டுவர்றதுக்குள்ள பாதி அணு உடைஞ்சிருக்கும்.

மண்டபம் கரை
கறக்கிறது இருக்கட்டும், பிடிக்கிறதைப் பத்தி யாருமே பேசலையே. ஹடோனி மணல்ல விரிஞ்சிருக்கும், தொட்டா அப்படியே மணலுக்குள்ள இழுத்துக்கும். அடியில பாதம் கெட்டியா ஒட்டியிருக்கும். மேல பிடிச்சு இழுத்தா பாதம் கிழியும். கிழிஞ்சது தொட்டியில அழுகி, கூட இருக்கிறதையும் சாகடிக்கும். சுத்தி மணலைக் கையால தோண்டி, பாதத்தோட ஓரத்தை நகத்தால மெல்ல நெம்பணும். செபே கோமாளி மீனு அதை நம்பித்தான் இருக்கு, எடுத்தா அதுக்கு ஒதுங்க இடமில்லை. மன்னார் வளைகுடாவுல 21 தீவைச் சுத்தியும் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம அங்க கை வைக்கக் கூடாது.

வாளியில வச்சு பஸ்ல மதுரைக்குக் கொண்டுபோற எண்ணம் இருந்தா விட்டுடுங்க. தண்ணி சூடேறினா உள்ள இருக்கிற பாசியை வெளியேத்தி வெளுத்துப்போகும், வழவழன்னு சளி விடும். கரையிலேயே கறந்துட்டு, கறந்ததை மட்டும் ஐஸ்ல எடுத்துட்டுப் போங்க. சாமந்தியை எடுத்த இடத்துலயே விட்டுடுங்க.

அண்ணாநகர் டாக்டர்
மருந்துன்னு சொல்றதால இதைச் சொல்லியாகணும். அசல் எஸ்எச்கே, டி செல்லோட (நோயெதிர்ப்புச் செல்) கேவி1.3ங்கிற பொட்டாசியம் சேனலை (செல் சவ்வுல அயனி போற வழி) அடைக்கிற மாதிரியே நரம்போட கேவி1.1ஐயும் கிட்டத்தட்ட அதே அளவுல அடைக்கும். முன்நுனியில பாஸ்போடைரோசின் சேர்த்த பிறகுதான் சுமார் 100 மடங்கு வித்தியாசம் கிடைச்சது. அதுதான் டலாசடைடு. 2017ல வெளியான ஆரம்பக்கட்டச் சோதனையில சோரியாசிஸ் நோயாளிகள் 24 பேர். 30 அல்லது 60 மைக்ரோகிராம், வாரம் ரெண்டு ஊசி, 4 வாரம். 60 மைக்ரோகிராம் போட்ட 10 பேர்ல 9 பேருக்கு நோய் மதிப்பெண் குறைஞ்சது. கை, கால், வாயைச் சுத்தி லேசான மரத்துப்போதல் பக்கவிளைவு. இன்னும் கடைக்கு வரலை.

இன்னொரு சாமந்தி நஞ்சான ஆந்தோப்ளூரின்-ஏ கதை வேற. இதயத்தோட சுருக்கத்தைப் பலப்படுத்துதுன்னு ஒரு காலத்துல பெரிய எதிர்பார்ப்பு. அது சோடியம் சேனல் மூடுறதைத் தாமதிக்கிறதால துடிப்பு தாறுமாறாகிற ஆபத்து உண்டு, மருந்தாகலை. எந்தச் சேனலைத் தொடுது, எதைத் தொடலைங்கிற பட்டியல் இல்லாம மருந்துங்கிற வார்த்தையையே எழுதாதீங்க.

சிம்மக்கல் பெப்டைடு
டாக்டர் சொன்ன வேலைக்குச் சுத்தமான பெப்டைடு வேணும், அதை ரசாயன முறையில செய்யறதுதான் வழி. ஒரு சாமந்தியையும் பிடிக்க வேணாம். ஆனா அதுவும் சும்மா இல்ல. 6 சிஸ்டீன் (ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு வடிவம் தர்ற அமினோ அமிலம்) இருக்கு, ஜோடி சேர 15 வழி. சரியானது ஒண்ணுதான், வரிசை எண்படி: 3-35, 12-28, 17-32. மில்லிக்கு 0.1 மில்லிகிராம் மாதிரி நீர்த்த கரைசல்ல, பிஹெச் 8 கிட்ட, ஒடுங்கினது, ஆக்சிஜனேறினதுன்னு ரெண்டு வகை குளூடாதயோனும் சேர்த்து மடிக்கணும். கெட்டியா வச்சா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வெள்ளையா வீழ்படியும். மாஸ் ஸ்பெக்ல (எடை அளக்கிற கருவி) 6 டால்டன் குறைஞ்சிருச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, தப்பா மடிஞ்சதும் அதே எடைதான். தரமான மாதிரியோட சேர்த்து எச்பிஎல்சியில (கலவையைப் பிரிக்கிற கருவி) ஓட்டி ஒரே பீக்கா வருதான்னு பாருங்க. 214 நானோமீட்டர் ஒளியில பாருங்க. அதுல ட்ரிப்டோபன் இல்ல, டைரோசின் ஒண்ணே ஒண்ணு, 280ல ரொம்ப மங்கலாத்தான் தெரியும்.

வைகைமணல்
தெரிஞ்ச பெப்டைடைச் செய்யத்தான் உங்க வழி உதவும் தம்பி. ஹடோனியில தெரியாதது எத்தனை இருக்கோ, அதைக் கறக்காம எப்படிக் கண்டுபிடிப்பீங்க? மரபணு வரிசை படிச்சா வரிசைதான் வரும், அது எந்தச் சேனல்ல உட்காரும்னு வராது. வலிக்கான ஏஎஸ்ஐசி3 சேனலை அடைக்கிற ஏபிஇடிஎக்ஸ்2, சாமந்திச் சாற்றைப் பின்னம் பின்னமா (பகுதி பகுதியா) பிரிச்சு, சேனல் மேல ஊத்திப் பார்த்துக் கிடைச்சது. ஹீலா பகுதியை எடுத்துடலாம், கறக்கிறதை எடுக்க முடியாது.

சிம்மக்கல் பெப்டைடு
சரி, பின்னம் பிரிச்ச பிறகு எதுல சோதிப்பீங்க? சேனல்ல ஓடுற மின்னோட்டத்தை அளக்கிற பேட்ச் கிளாம்ப் கருவி கையில இல்லாம சிவப்பணுவை மட்டும் பார்த்தா மறுபடியும் ஆக்டினோபோரின்தான் கையில நிக்கும்.

வைகைமணல்
கரை நண்டு. காலடி மூட்டுல ஊசி, எடைக்குத் தக்க அளவு, பக்கத்துல உப்புநீர் போட்ட நண்டு. சோடியம் சேனல் நஞ்சுன்னா கால் விறைச்சு மடங்கிக்கும், அது கண்ணால பார்க்கலாம். பொட்டாசியம் பக்கம் இதுல தெளிவாத் தெரியாதுதான். அப்படிப்பட்ட பின்னத்தை எடை எடுத்து, உலர்த்தி, மைனஸ் 80ல வச்சு, கருவி இருக்கிற லேபுக்கு அனுப்பணும். மதுரையில யாருகிட்டயாவது கேவி1.3 செல்வரிசை ஓடுதுன்னா இங்கேயே சொல்லுங்க.