பிரான்சிஸ் ஹிங்க்ஸ் பற்றி உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். கனடாவின் தொடக்ககால நிதியமைச்சர் சர் பிரான்சிஸ் ஹிங்க்ஸ் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1807இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்து, 1832இல் டொராண்டோ வந்து, அங்கே மக்கள் வங்கியில் காசாளராக (அக்காலத்தில் அது வங்கி மேலாளர் பதவி) இருந்தவர். பிறகு பத்திரிகை, அரசியல். கனடாக் கூட்டாட்சி பிறந்து இரண்டே ஆண்டுகளில், 1869இல் நிதியமைச்சரானார். புழக்கத்தில் மலிந்திருந்த அமெரிக்க வெள்ளி நாணயங்களை அகற்ற 1870இல் 25 சென்ட் காகித நோட்டு வெளியிட்டார். 1871இல் வங்கிச் சட்டம் கொண்டுவந்தார். வங்கியின் உள்ளும் புறமும் அறிந்தவரால்தான் இது முடிந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு பகுதியில்தான் தேங்கி நிற்கிறேன். 1862 முதல் 1869 வரை அவர் தென் அமெரிக்காவிலுள்ள பிரிட்டிஷ் கயானாவின் (இன்றைய கயானா) ஆளுநர். சென்னையிலிருந்து கப்பலேறிய நம் மக்களும் அப்போது அங்கே கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள். அவர்களை அவர் எப்படி நடத்தினார்? அதை எழுதாமல் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கால ஆளுநர் அறிக்கைகள், குடியேற்ற அதிகாரியின் பதிவுகள் எங்கே கிடைக்கும்? கயானா வம்சாவளியினர் யாரேனும் இங்கிருந்தால், குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட செய்திகளையும் தயவுசெய்து பகிருங்கள்.