கறுப்பு வெள்ளை என்கிரேவிங்கில் ஒருவரின் அந்தஸ்து எப்படித் தெரியும்?

கோட்டுப்பித்தன்:
செப்புத் தகட்டில் கோடு செதுக்கி அச்சிட்ட 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உருவப்படங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பு. முட்டை வடிவச் சட்டம், உள்ளே மார்பளவு உருவம், கீழே பீடம், அதில் ஒரு கேடயச் சின்னம் (குடும்ப முத்திரை). கிரீடம், சிம்மாசனம் எதுவும் கிடையாது. இவர் அமைச்சரா, வெறும் பணக்காரரா என்று அன்றைக்குப் பார்த்தவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்?

செப்புத்தகடு:
முகத்தை விடுங்க, முதலில் கேடயத்துக்குப் போங்க. அதில் நிறமே இருக்கிறது, கோடுகளின் வடிவில். 1638இல் பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைப் பாதிரியார் வெளியிட்ட முறைதான் பிறகு எங்கும் பரவியது: நெடுக்குக் கோடு சிவப்பு, படுக்கைக் கோடு நீலம், புள்ளி தங்கம், வெறும் தாள் வெள்ளி, நெடுக்கும் படுக்கையும் சேர்ந்தால் கறுப்பு. புள்ளிப் பரப்பில் படுக்கைக் கோட்டுப் பாம்பு நெளிந்தால் பிரெஞ்சு ராஜா 14ஆம் லூயியின் அமைச்சர் கொல்பேர். வெறும் தாளில் நெடுக்குக் கோட்டு அணில் என்றால் அதே ராஜாவின் நிதிப் பொறுப்பாளர் ஃபூக்கே. (செதுக்குக் கலைஞர் ரொபேர் நான்தெய் ஃபூக்கேயைச் செதுக்கியது 1661இல். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூக்கே கைதாகிவிட்டார்.)

அடுத்தது மார்பு. எட்டு முனைச் சிலுவை, நடுவில் கீழ்நோக்கி இறங்கும் புறா இருந்தால், பிரெஞ்சு ராஜா தரும் உயர்ந்த கௌரவமான பரிசுத்த ஆவி விருதைப் பெற்றவர். விதிப்படி 100 பேருக்குத்தான் அந்த விருது. அதன் பட்டை வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு வரும். மூலத்தைப் பார்த்து அப்படியே செதுக்கிய மலிவுப் பிரதிகளில் அச்சு இடவலம் மாறி, பட்டை இடது தோளுக்கும் வாள் வலது இடுப்புக்கும் போயிருக்கும்.

மைக்கறை:
உடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்புக் கவசத்தின் பளபளப்புக்கு மை கிடையாது. சுற்றிலும் குறுக்குக் கோடுகளை நெருக்கிவிட்டு, ஒளி விழும் இடத்தை வெறும் தாளாக விடுவார்கள். பியூரின் எனும் செதுக்கு உளியை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். பட்டின் மடிப்பு அப்படித்தான் புரளும். முகத்துக்கு நான்தெய் சின்னச் சின்னக் கீறல்களையும் புள்ளிகளையும் வைப்பார். தகடு தேயும்போது முதலில் போவதும் அவைதான். முகம் வெளுத்து, அங்கி மட்டும் கறுத்து நின்றால் பிந்தைய அச்சு. விலை பேசும்போது கவனம்.

தலைமாற்றி:
முகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்க்க செதுக்குக் கலைஞர் பியேர் லோம்பாரின் குதிரைவீரன் படத்தை எடுங்கள். ஓவியர் வான் டைக் வரைந்த இங்கிலாந்து ராஜா முதலாம் சார்ல்ஸ் ஓவியத்தைத் தழுவியது. ஒரே தகட்டில் சார்ல்ஸை வீழ்த்திய குரோம்வெல், 14ஆம் லூயி, சார்ல்ஸ் என்று தலைகள் மாறியிருக்கின்றன. தலையே இல்லாமல் இழுத்த அச்சும் உண்டு! ராஜா தலையை வெட்டிய கட்சிக்காரருக்கும் அந்த ராஜாவுக்கும் ஒரே குதிரை, ஒரே கவசம்.

தலை மாற்றும் வேலை இப்படி: பழைய கோடுகளைச் சுரண்டியால் வழித்தால் அங்கே பள்ளம் விழும். அப்படியே விட்டால் மை தேங்கி சாம்பல் திட்டாகத் தெரியும். அதனால் காலிப்பர் (இரு கால் அளவுகோல்) வைத்துப் பின்பக்கம் அதே இடத்தைக் குறித்து, சுத்தியலால் தட்டி மேலே எழுப்பி, தேய்த்து மழமழவென்றாக்கிய பிறகே புதுத் தலை. அவசரத்தில் செய்த தகடுகளில் காலர் ஓரம் காட்டிக்கொடுத்துவிடும்: அங்கே பழைய கோடும் புதுக் கோடும் ஒட்டாது.