கார் இன்ஜினை வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா? எலிக்கூடு, எண்ணெய்ப் பிசுக்கு, நாலு மாதத் தூசி

உறையூர்_வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் கார், 2013 மாடல், பெட்ரோல். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து நாலு மாதமாக போர்டிகோவிலேயே நிற்கிறது. பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓட விடுவேன், அவ்வளவுதான். போன ஞாயிறு கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றலாம் என்று பானெட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பின்னால் எலி கூடு கட்டியிருக்கிறது. தேங்காய் நார், பிளாஸ்டிக் கவர் துணுக்குகள், பானெட்டின் உள்பக்கம் இருந்த கறுப்புப் பஞ்சைப் பிய்த்து மெத்தை, சுற்றிலும் புழுக்கை. இன்ஜினின் ஒரு பக்கம் எண்ணெய் கசிந்து அதன்மேல் தூசி படிந்து அதிரச மாவு மாதிரி கெட்டியாகிக் கிடக்கிறது.

எதிர்வீட்டு அண்ணன் வாட்டர் வாஷில் விடு, பிரஷரில் அடித்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள் என்கிறார். அப்பாவோ மண்ணெண்ணெயில் பிரஷைத் தோய்த்துத் தேய்த்துவிட்டு ஹோஸில் தண்ணீர் அடித்தால் போதும், அம்பாசடருக்கு அப்படித்தான் செய்தேன் என்கிறார். இவ்வளவு ஒயர் ஓடும் இடத்தில் தண்ணீர் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. நானே செய்யத்தான் விருப்பம். எதில் தண்ணீர் படலாம், எதில் படவே கூடாது? செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பழைய_பட்டறைக்காரர்:

அம்மா, முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினைப் பளபளப்பாக்குவது நம் வேலை இல்லை. எண்ணெய் எங்கிருந்து கசிகிறது, ஒயர் எங்கே கடிபட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் சுத்தம் செய்கிறோம். அதற்கு அரை வாளி தண்ணீர் போதும், அதுவும் துணியில் நனைத்துப் பிழிந்து துடைக்கத்தான். ஹோஸ், பிரஷர் மெஷின் எதுவும் வேண்டாம்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஆரம்பியுங்கள். ஓடிய இன்ஜினில் சைலன்சர் தொடங்குகிற மேனிஃபோல்டு சில நூறு டிகிரி சூடாக இருக்கும், அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பு இரும்பு விரிசல் விடலாம், சோப்புக் கரைசல் பட்ட இடத்திலேயே காய்ந்து கறையாகும், கை பட்டால் சொல்லவே வேண்டாம். கூலண்ட் டப்பா மூடியையும் ரேடியேட்டர் மூடியையும் சூட்டில் திறக்கவே கூடாது.

சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு கதவைத் திறந்தே வைத்துவிட்டு, 10-ம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள். மைனஸ்தான் முதலில், ஏனென்றால் காரின் பாடி முழுக்க மைனஸ். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் இடித்தால் பெரிய தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு பக்கத்திலேயே இருக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசி. இன்னொரு காரணமும் உண்டு: பேட்டரி இணைப்பில் இருந்தால் சில வண்டிகளில் சாவி போடாவிட்டாலும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும், விரலை வெட்டிவிடும்.

அப்புறம் கவர் கட்டுவது. டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு பெட்டி, ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய், ஸ்பார்க் பிளக்குக்கு மேலே இருந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயில்கள். இந்த ஐந்துக்கும் பாலிதீன் கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். எத்தனை கவர் கட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுங்கள். ஒரு கவரை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, அது பெல்ட்டில் சுற்றிக்கொண்டு வந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் வாயில் மட்டும் அசட்டையே கூடாது. காற்றை பிஸ்டன் அமுக்கிவிடும், தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு கை தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பிறகு இன்ஜினையே இறக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டீகிரீஸரில் தண்ணீரில் கலக்கும் வகையை வாங்கி, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில் கலந்து, இன்ஜின்மேல் அடிக்காமல் பிரஷ்மேல் அடியுங்கள். பிசுக்கில் தடவி மூன்று நான்கு நிமிடம் ஊற விட்டு, காய்வதற்குள் பெயின்ட் பிரஷாலோ பழைய பல்துலக்கியாலோ தேய்த்து, பனியன் வேஸ்டால் துடைத்து எடுங்கள். பெல்ட்டில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூசிக்கு ப்ளோயர் இருந்தால் முதலில் ஊதிவிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடியும்.

வார்டு_நர்ஸ்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஆனால் ப்ளோயர் வேண்டவே வேண்டாம். எலிப் புழுக்கையும் காய்ந்த மூத்திரமும் தூளாகி முகத்துக்கே வரும். மழைக்காலம் முடிந்தால் எங்கள் வார்டுக்கு எலிக்காய்ச்சல் நோயாளிகள் வராத வருடம் இல்லை. எலி மூத்திரத்தில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி கையில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும், கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். இன்ஜினுக்குள் கைவிட்டால் கீறாமல் வருவது கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

கனமான ரப்பர் கையுறை, மாஸ்க், கண்ணாடி மூன்றும் போடுங்கள். கூட்டின்மேல் கிருமிநாசினிக் கரைசலைத் தெளித்து நன்றாக நனைத்து, பத்து நிமிடம் கழித்து ஈரத்தோடு அள்ளி இரண்டு கவருக்குள் கட்டிப் போடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலை இன்ஜினில் ஊற்றாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். கூட்டை எடுத்துவிட்டுக் கையுறையைக் கழுவி, பிறகு புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு இன்ஜின் வேலையைத் தொடங்குங்கள். அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போய் எலிக்கூட்டை எடுத்தேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலருக்கு நாள் கடந்து போகிறது.

பழைய_பட்டறைக்காரர்:

சரிம்மா, நீங்கள் சொல்வதுதான் சரி. ப்ளோயர் வேண்டாம், ஈரத்துணியே போதும்.

நாலுவழிச்சாலை:

பிரஷர் வாஷ் என்று யாராவது சொன்னால் என் கதையைச் சொல்லுங்கள். மூன்று வருடம் முன்பு சென்னை போவதற்கு முந்தைய நாள் வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம்தான் அடித்தார்கள், நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலை குடும்பத்தோடு கிளம்பி, பெரம்பலூர் தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பித்தது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை, இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பின்சீட்டில் என் மனைவியும் ஏழு மாதக் குழந்தையும், பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன. ஓரங்கட்டி நிறுத்தினேன்.

வந்த மெக்கானிக் ஸ்கேனர் மாட்டினார், பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை. காயிலைக் கழற்றினால் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் இரண்டு ஸ்பூன் தண்ணீர். பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் தண்ணீர் வழியாக இன்ஜின் தலைக்கே போய்விட்டது. அவர் செய்த ஒரு விஷயத்தைக் கவனித்து வைத்துக்கொண்டேன்: பிளக்கை உடனே கழற்றவில்லை. பிளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீர் நேராக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். குச்சியில் துணி சுற்றி முழுக்க ஒற்றி எடுத்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார். விளக்கு விட்டு விட்டு எரியும்போது ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிப் பாழாக்கிவிடுமாம். தண்ணீர் பட்டது முந்தின நாள், வண்டி நின்றது அடுத்த நாள், அதுவும் ஹைவேயில். இதை யாரும் மறக்கக் கூடாது.

டிராக்டர்_தம்பி:

எங்கள் வீட்டில் டிராக்டர், கார் எல்லாவற்றுக்கும் 20 வருடமாக மண்ணெண்ணெய்தான். ஒன்றும் ஆனதில்லை. கடைகளில் விற்பதெல்லாம் வீண் செலவு.

பழைய_பட்டறைக்காரர்:

தம்பி, நானும் பட்டறையில் பல வருடம் மண்ணெண்ணெயில்தான் கழுவினேன், அதனால்தான் சொல்கிறேன். இறக்கிப் பிரித்த இரும்புச் சாமானை ஒரு தட்டில் போட்டுக் கழுவுவது வேறு, வண்டியில் மாட்டியிருக்கும் இன்ஜினில் ஊற்றுவது வேறு. இப்போதைய ரேடியேட்டர் ஹோஸ்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். கூலண்டையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும், ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். உப்பிய ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், நடுவில் கொழகொழவென்று இருக்கும், கிளிப் போட்ட இடத்தில் ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும். உடனே தெரியாது என்பதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிறோம்.

தீ அடுத்தது. மண்ணெண்ணெய் ஆவி சுமார் 38 டிகிரியில் பற்றும் நிலைக்கு வந்துவிடும், சித்திரை வெயிலில் திருச்சியில் நிழலிலேயே அந்தச் சூடு உண்டு. பெட்ரோலோ மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடியது, அதைத் துணியில் தொட்டுத் துடைக்கிற வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

உறையூர் அம்மாவுக்கு இன்னொன்று. பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச்சோடா கரைத்து பிரஷால் தொட்டுத் தடவுங்கள், நுரைத்து வரும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு வாஸ்லின் தடவுங்கள். அந்தக் கரைசல் பேட்டரி மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. துடைத்த எண்ணெய்த் துணியையும் அழுக்குத் தண்ணீரையும் சாக்கடையில் விடாமல், அடியில் மரத்தூள் பரப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உறையூர்_வாசகி:

பத்து நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. இரண்டு காலைகள் ஆயின. முதல் நாள் கூட்டை மட்டும் நனைத்து எடுத்தேன், நர்ஸ் அக்கா சொன்னபடியே. கூட்டுக்கு அடியில்தான் விஷயமே இருந்தது: நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஒயர், இரண்டு விரல் நீளத்துக்குத் தோலே இல்லாமல் செம்பு பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வீட்டுக்கே வந்து அந்த இடத்தை வெட்டி, ஈயம் வைத்து இணைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டுக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் ஐந்து கவர் கட்டி, ஸ்டியரிங்கில் 5 என்று எழுதி ஒட்டிவிட்டுப் பிசுக்கைத் துடைத்தேன். பல்துலக்கி மூன்று தீர்ந்தது. தண்ணீர் அரை வாளிகூடச் செலவாகவில்லை. பானெட்டைத் திறந்தே வைத்து மதியம் வரை காய விட்டு, ஐந்து கவரையும் எண்ணி எடுத்து, மைனஸைக் கடைசியில் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். முதல் சில நிமிடம் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கியது, பிறகு சரியாகிவிட்டது. டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே தட்டலில் ஏறவில்லை. மேனுவலில் பார்த்து, கண்ணாடி முழுக்க ஏறும் வரை சுவிட்சைப் பிடித்து வைத்திருந்ததும் அதுவும் சரி.

நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமான அலுமினியத்தில் இன்ஜின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவரின் வலது மூலையிலிருந்து நூல் மாதிரி ஒரே ஒரு எண்ணெய்க் கோடு இறங்கியிருக்கிறது.

பழைய_பட்டறைக்காரர்:

டேப்பட் கவர் பேக்கிங்தான் அம்மா, வயதான ரப்பர் காய்ந்து கெட்டியாகியிருக்கும். பேக்கிங் மாற்றும்போது பிளக் குழிகளைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையங்களையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழிக்குள் எண்ணெய் இறங்கும். கவர் போல்ட்டுகளை மெக்கானிக் அளவுக்கு மேல் முறுக்காமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், அதிகம் முறுக்கினாலும் பேக்கிங் பிதுங்கிக் கசியும். எலிக்கு, போர்டிகோவில் நாய்க்கு வைக்கும் சோறு, தேங்காய் மூட்டை ஏதாவது இருந்தால் முதலில் அதை எடுங்கள். புகையிலைக் கட்டு வைப்பார்கள், வாசம் போனால் எலி திரும்ப வந்துவிடும்.

உறையூர்_வாசகி:

தேங்காய் மூட்டை இருந்தது அண்ணா, இன்று காலை மாடிக்கு ஏற்றிவிட்டோம். பேக்கிங்குக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக்.