சந்தூர் நர்சரியும் கூகுள் காட்டும் இரண்டு வரிகளும்

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

சந்தூர் பெரியப்பா · காலை 6:52
அனைவருக்கும் வணக்கம். நம் நர்சரியின் பெயரைக் கூகுளில் தேடினால், பெயருக்குக் கீழே "இப்பருவத்திற்கான ஒட்டுக்கன்றுகள் தீர்ந்துவிட்டன, அடுத்த ஆண்டு தொடர்பு கொள்ளவும்" என்று இரண்டு வரிகள் வருகின்றன. குப்பம் பக்கத்திலிருந்து வாடிக்கையாக வருகிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு வேறொரு நர்சரியில் பெங்களூரா மாங்கன்றுகளுக்கு முன்பணம் கொடுத்துவிட்டாராம். இங்கே நிழல்வலைக்குக் கீழே கன்றுகள் கால் வைக்க இடமில்லாமல் நிற்கின்றன. இந்த வரிகளைக் கூகுளுக்கு எழுதிக் கொடுத்தது யார், யாரிடம் சொன்னால் மாற்றுவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர் சித்தப்பா · காலை 7:05
அண்ணா, எனக்கும் இதே தொடர்பாக ஓர் அழைப்பு வந்தது. ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால், கூகுளில் நம் கடைப் பெயருக்குக் கீழே நாம் சொல்கிற வரிகளே வரும்படி செய்து தருவதாக ஒருவர் சொன்னார். உள்ளே ஆள் இருப்பதைப் போலத்தான் பேசினார். அவருடைய எண்ணை உங்களுக்கு அனுப்பட்டுமா?

நான் · காலை 7:31
சித்தப்பா, அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பெயருக்குக் கீழே வருகிற அந்த வரிகளை ஸ்னிப்பெட் என்பார்கள். கூகுளில் யாரும் உட்கார்ந்து அதை எழுதுவதில்லை. பணம் கட்டி எழுதி வாங்கவும் முடியாது. விளம்பரம் என்ற குறிப்போடு மேலே வருபவை வேறு கணக்கு. தேடுபொறியின் நிரல் நம் பக்கத்தைப் படித்து வைத்துக்கொண்டு, ஒருவர் எந்தச் சொற்களைத் தட்டச்சு செய்து தேடுகிறாரோ அவற்றுக்குப் பொருத்தமாகப் படும் வாக்கியத்தைப் பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் உரையிலிருந்தே எடுத்துக் காட்டுகிறது.

இரண்டாவதாக இன்னொரு மூலமும் உண்டு. பக்கத்தைத் திறப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல், அதை உருவாக்கும் ஹெச்.டி.எம்.எல். நிரலின் தலைப்பகுதியில் மெட்டா டிஸ்க்ரிப்ஷன் என்று ஓரிரு வாக்கியங்களை எழுதி வைக்கலாம். பக்கத்தில் உள்ள உரையைவிட அந்த வாக்கியங்களே பக்கத்தைச் சரியாக விவரிக்கின்றன என்று கூகுள் கருதினால் அவற்றைக் காட்டும். அவ்வாறு கருதாவிட்டால் காட்டாது. நம்மால் பரிந்துரைக்கத்தான் முடியும். "நாம் சொல்கிற வரிகளே வரும்" என்று உறுதி கொடுப்பவர் தன் கையில் இல்லாததை விற்கிறார்.

சந்தூர் பெரியப்பா · காலை 7:40
பாப்பா, என் தளத்தில் நான் எழுதாததா? தாத்தா காலத்தில் தொடங்கியது முதல், நெருக்கு ஒட்டு, மென்தண்டு ஒட்டு, தாய்மரத் தேர்வு வரை பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேனே. அவ்வளவையும் விட்டுவிட்டு, போன ஆண்டு போட்ட ஒற்றை அறிவிப்பைத்தானா அது எடுக்க வேண்டும்?

நான் · காலை 8:14
இப்போதுதான் தளத்தைத் திறந்து, பக்கத்தின் நிரலையும் பார்த்தேன், பெரியப்பா. நீங்கள் எழுதிக் கொடுத்தவை எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை எழுத்தாக இல்லை, படமாக இருக்கின்றன. தளம் செய்தவர் பிளெக்ஸ் பேனருக்கு வடிவமைப்பது போல ஒவ்வொரு பத்தியையும் மாம்பழப் படத்தின் மேல் எழுதி, மொத்தத்தையும் படக்கோப்பாகவே ஏற்றியிருக்கிறார். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பக்கத்தின் உரையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் சொல்லும் மாற்று உரைக்கான இடத்தையும் காலியாக விட்டிருக்கிறார். மெட்டா டிஸ்க்ரிப்ஷனும் இல்லை. முகப்புப் பக்கத்தில் உண்மையான எழுத்தாக இருப்பவை "முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு" என்ற பட்டியலும், கீழே ஓடிக்கொண்டிருக்கும் "தீர்ந்துவிட்டன" அறிவிப்பும் மட்டும்தான். முழு வாக்கியமாக இருந்தது அந்த ஒன்றுதான் என்பதால் அதை எடுத்துவிட்டது.

தருமபுரி அத்தை · காலை 8:33
நான் சோதித்துப் பார்த்ததில் ஒரு முரண்பாடு தெரிகிறது. நர்சரியின் பெயரைத் தேடினால் அண்ணன் சொன்ன வரிகள்தான் வருகின்றன. ஆனால் "சந்தூர் மாங்கன்று செந்தூரா விலை" என்று தேடியபோது, அதே தளம் வேறு வரிகளோடு, செந்தூரா, மல்லிகா, பங்கனப்பள்ளி என்று வகைப் பெயர்களோடு வந்தது. ஒரே தளத்துக்கு இரண்டு விளக்கங்கள் எப்படி இருக்க முடியும்?

நான் · காலை 8:52
முரண்பாடு இல்லை, அத்தை. முதலில், அது வேறு பக்கம். விலைப்பட்டியல் பக்கத்தை மட்டும் பெரியப்பா தாமே தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார். அதனால் அங்கே எடுப்பதற்கு எழுத்து இருக்கிறது. இரண்டாவது, விளக்கம் என்பது தளத்துக்கு ஒன்று என்று எங்கும் எழுதி வைக்கப்பட்டதே இல்லை. ஒரே பக்கமாக இருந்தாலும், விலை கேட்டவருக்கு விலை உள்ள வரியும், ஒட்டு முறை கேட்டவருக்கு அதைப் பற்றிய வரியும் வரக்கூடும். மண்டியில் தரகர் அல்போன்சா கேட்டவருக்கு அல்போன்சா கூடையையும், கூழ் ஆலைக்கு வாங்க வந்தவருக்குப் பெங்களூரா குவியலையும் காட்டுவது போன்றதுதான் இது.

ஓசூர் மாமா · காலை 9:20
எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் சிப்காட்டில் தொழிற்சாலையின் இணையதளத்தைக் கவனித்துக்கொண்டிருந்த காலத்தில், தளத்துக்கு வெளியே இருந்தும் விளக்கம் வந்தது. ஓப்பன் டைரக்டரி புராஜெக்ட் என்ற ஓர் இணைய அடைவு 1998-இல் தொடங்கப்பட்டது. டிமாஸ் என்ற பெயரில்தான் எல்லோரும் அதை அறிவார்கள். தொடங்கிய ஆண்டிலேயே நெட்ஸ்கேப் நிறுவனம் அதை வாங்கியது. அங்கே தன்னார்வத் தொகுப்பாளர்கள் ஒவ்வொரு தளத்தையும் பார்த்து, எந்தத் துறையில் சேர்ப்பது என்று முடிவு செய்து, தாங்களே ஒரு வரி விளக்கமும் எழுதுவார்கள். விளம்பர வாசகத்துக்கு அங்கே இடமில்லை. "சிறந்த", "முன்னணி" என்ற சொற்களை எல்லாம் வெட்டிவிடுவார்கள். கூகுள் உள்ளிட்ட தேடுபொறிகள் பல நேரங்களில் அந்த வரியையே தளத்தின் பெயருக்குக் கீழே காட்டின. யாகூவுக்கும் தனியாக ஓர் அடைவு இருந்தது.

அந்த முறையில் ஒரு சங்கடமும் இருந்தது. நிறுவனம் தன் தொழிலையே மாற்றிக்கொண்டாலும், அடைவில் எழுதிய வரி யாராவது திருத்தும்வரை அப்படியேதான் இருக்கும். தள உரிமையாளர்கள் முறையிட்ட பிறகு, 2006-இல் முதலில் மைக்ரோசாஃப்ட்டும் அடுத்துக் கூகுளும் "நோ ஓ.டி.பி." என்ற குறிச்சொல்லை ஏற்றுக்கொண்டன. ஓ.டி.பி. என்பது அந்த அடைவின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அதை நம் பக்கத்தில் சேர்த்துவிட்டால் அடைவின் விளக்கத்தை அவை எடுக்கமாட்டா. யாகூ அடைவு 2014 இறுதியிலும், டிமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. அந்தக் குறிச்சொல்லுக்கும் அதோடு வேலையில்லாமல் போயிற்று. இன்றும் பழைய தளங்களின் நிரலில் அது சும்மா கிடப்பதைப் பார்க்கலாம்.

தருமபுரி அத்தை · காலை 9:34
மனிதர்கள் படித்துப் பார்த்து எழுதிய வரியை விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, அண்ணா. குறைந்தபட்சம் நிழல்வலைக்குக் கீழே கன்று இருக்கிறதா இல்லையா என்று ஒருவராவது கேட்டிருப்பார்.

ஓசூர் மாமா · காலை 9:41
கேட்டிருக்கமாட்டார், அம்மா. ஒருமுறை எழுதிவிட்டு அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். தளங்கள் பெருகிய வேகத்துக்குத் தன்னார்வலர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கன்று தீர்ந்த செய்தி அடைவில் ஏறியிருந்தால் நாலைந்து பருவங்களுக்கு அதுவே நின்றிருக்கும்.

பர்கூர் சித்தப்பா · காலை 10:02
எனக்கு வேறொரு குழப்பம் இருக்கிறது. அண்ணன் தளத்தின் முகவரியை இந்தக் குழுவில் போட்டபோது, கீழே படத்தோடு "தரமான மாங்கன்றுகள், நேரடி விற்பனை" என்று நல்ல விளக்கமாகத்தானே வந்தது? வாட்ஸ்அப்புக்குத் தெரிந்தது கூகுளுக்குத் தெரியாதா? கூகுள் மேப்பிலும் சென்ற மாதம்தான் விவரத்தைத் திருத்தினோம்.

நான் · காலை 10:25
மூன்றும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன, சித்தப்பா. வாட்ஸ்அப் காட்டும் சிறு பெட்டிக்கான விவரம் ஓப்பன் கிராஃப் என்ற குறிச்சொற்களிலிருந்து வருகிறது. ஃபேஸ்புக் நிறுவனம் 2010-இல் அறிமுகப்படுத்தியது அது. தளம் செய்தவர் அதை மட்டும் நிரப்பிவிட்டு மெட்டா டிஸ்க்ரிப்ஷனை விட்டுவிட்டார். மேப்பில் நீங்கள் திருத்தியது வணிகச் சுயவிவரம். அங்கே 750 எழுத்துகள் வரை எழுதலாம், ஆனால் அது கடையின் விவரமாகத்தான் காட்டப்படும், தளத்தின் பெயருக்குக் கீழே வந்து உட்காராது. பெரிய நிறுவனம், ஊர், கோவில் போன்றவற்றைத் தேடும்போது பக்கவாட்டில் வருகிற பெட்டிக்கு விக்கிப்பீடியாவிலிருந்து வரிகள் எடுக்கப்படுவது நான்காவது கணக்கு. அது நமக்குத் தேவைப்படாது.

பர்கூர் சித்தப்பா · காலை 10:31
அப்படியானால் தவறான வரிகள் வருவதைவிட ஒன்றுமே வராமல் இருப்பது மேல் அல்லவா? தேடுபொறிகள் எதைப் படிக்கக் கூடாது என்று தளத்தில் எழுதி வைக்கும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டால் கூகுள் உள்ளே நுழையாது என்று படித்திருக்கிறேன்.

நான் · காலை 10:48
அது நமக்கு எதிராகத்தான் முடியும். ரோபோட்ஸ் கோப்பால் தடுத்தால் கூகுள் பக்கத்தைப் படிக்காது, அவ்வளவுதான். வேறு தளங்கள் கொடுத்திருக்கும் இணைப்புகளை வைத்து முகவரியைத் தேடல் முடிவில் காட்டக்கூடும். அப்போது விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் தகவல் இல்லை என்ற குறிப்பு வரும். கன்று இல்லை என்பதற்குப் பதிலாகக் கடையே இல்லை என்று வாங்க வருபவர் நினைத்துவிடுவார்.

விளக்கத்தை மட்டும் தடுக்க "நோஸ்னிப்பெட்" என்ற தனி விதி உண்டு. 2019-இல் கூகுள் இன்னும் சில வசதிகளைக் கொடுத்தது: எத்தனை எழுத்துகளுக்கு மேல் காட்டக் கூடாது என்று சொல்லும் "மேக்ஸ்-ஸ்னிப்பெட்", பக்கத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் எடுக்காதே என்று சொல்லும் "டேட்டா-நோஸ்னிப்பெட்". இவற்றை மதிக்க வேண்டுமானால் கூகுள் முதலில் பக்கத்தைப் படிக்க வேண்டும். ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டு இவற்றையும் எழுதி வைத்தால், எழுதியது அதன் கண்ணில் படாது. இரண்டையும் ஒன்றாகச் செய்து வைத்திருக்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

சந்தூர் பெரியப்பா · மதியம் 12:15
புரிகிறது. கூகுளிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை, என் பக்கத்தைத்தான் திருத்த வேண்டும். விளக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "தமிழ்நாட்டின் தலைசிறந்த, நம்பர் ஒன் மாங்கன்று நர்சரி. மாங்கன்று, ஒட்டு மாங்கன்று, மா ஒட்டுக்கன்று, மாஞ்செடி கிடைக்கும்." எல்லாச் சொல்லையும் போட்டுவிட்டால் எந்தச் சொல்லைத் தேடினாலும் நாம் முதலில் வருவோம் அல்லவா?

நான் · மதியம் 12:38
வரமாட்டோம், பெரியப்பா. மெட்டா டிஸ்க்ரிப்ஷனைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே சொல்லிவிட்டது. முதலிடம் தருவது அதன் வேலை இல்லை. பட்டியலில் நம்மைப் பார்த்தவர் நம் இணைப்பைத் தொடுவதா, அடுத்ததைத் தொடுவதா என்று முடிவு செய்ய உதவுவதுதான் அதன் வேலை. ஒரே பொருளை நான்கு விதமாக அடுக்கினால் கூகுள் அதை ஒதுக்கிவிட்டு மறுபடியும் பக்கத்திலிருந்தே ஏதாவது ஒரு வரியை எடுக்கும்.

நீளத்திலும் கவனம் தேவை. எழுதுவதற்கு வரம்பு கிடையாது, காட்டுவதற்குத்தான் உண்டு. திரையின் அகலத்துக்கு ஏற்ப மீதியை வெட்டிவிட்டுப் புள்ளி வைத்துவிடும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 160 எழுத்துகள் என்று சொல்வார்கள். 2017 டிசம்பரில் கூகுள் அதை ஏறக்குறைய இரு மடங்காக நீட்டியது. ஊரெல்லாம் விளக்கத்தை நீட்டி எழுதி முடித்த சமயத்தில், 2018 மே மாதத்தில் பழையபடி சுருக்கிவிட்டது. தமிழ் எழுத்து அகலமானது என்பதால் நமக்கு இடம் இன்னும் குறைவு. முக்கியமானது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும்.

தருமபுரி அத்தை · மதியம் 1:10
அப்படியானால் அண்ணன் எழுதியதை நான் இப்படித் திருத்துகிறேன்: "கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்லிகா ஒட்டுக்கன்றுகள் நேரடி விற்பனை. வகைவாரியான விலையும் நடவு முறையும் இங்கே உள்ளன." தலைசிறந்தது என்று நாமே சொல்லிக்கொள்வதை அந்தப் பழைய அடைவுக்காரர்களைப் போல நானும் வெட்டிவிட்டேன், அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சந்தூர் பெரியப்பா · மதியம் 1:18
கோபம் இல்லை, அம்மா. இமாம் பசந்தையும் சேர்த்துவிடு, அதற்குத்தான் இப்போது கேட்பவர்கள் அதிகம்.

நான் · மாலை 5:45
அத்தையின் வாசகத்தை இமாம் பசந்தோடு சேர்த்து மெட்டா டிஸ்க்ரிப்ஷனாகப் போட்டுவிட்டேன். அதைவிட முக்கியமாக, படமாக இருந்த பத்திகளை எல்லாம் தட்டச்சு செய்து உண்மையான எழுத்தாக ஏற்றிவிட்டேன். கூகுள் நம் விளக்கத்தை ஏற்காவிட்டாலும் எடுப்பதற்கு இனி நல்ல வாக்கியங்கள் இருக்கும். பழைய அறிவிப்பை நீக்கியாயிற்று. சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியில் பக்கத்தை மறுபடி வந்து படிக்கும்படி கோரிக்கையும் கொடுத்திருக்கிறேன். சில நாட்கள் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதுவரை பழைய வரிகளே தெரிந்தால் பதற வேண்டாம். குப்பத்து வாடிக்கையாளரிடம் இன்றே தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது.

சந்தூர் பெரியப்பா · மாலை 6:20
பேசிவிட்டேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பருவம் முடிந்து கன்று உண்மையிலேயே தீர்ந்துபோனால் அறிவிப்பைப் போட்டுத்தானே ஆக வேண்டும்? அப்போது மறுபடியும் இதே கதைதானா?

நான் · மாலை 6:34
தாராளமாகப் போடலாம், பெரியப்பா. அறிவிப்புக்கென்று ஒரு தனிப் பெட்டி அமைத்து, அந்தப் பெட்டிக்கு மட்டும் டேட்டா-நோஸ்னிப்பெட் விதியைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதற்குள் எழுதுவதைத் தளத்துக்கு வருபவர்கள் பார்ப்பார்கள். கூகுள் தன் முடிவுகளில் எடுத்துக் காட்டாது. அறிவிப்பை அந்தப் பெட்டிக்குள் தட்டச்சு செய்யுங்கள், தயவுசெய்து படமாக அனுப்பாதீர்கள்.