பழைய ஒர்க்‌ஷாப் இருந்த மனை: மண் பரிசோதனை முடிந்த பிறகும் இன்னொரு ஆய்வு எதற்கு?

புதுமனை:
வணக்கம். நானும் என் தம்பியும் ஒரு பழைய மனையில் மூன்று மாடிக் குடியிருப்பு கட்டலாம் என்று இருக்கிறோம். முன்பு அங்கே லாரி ஒர்க்‌ஷாப் இருந்தது, ஒரு மூலையில் டீசல் டேங்க் புதைத்திருந்ததாகப் பக்கத்து மனைக்காரர் சொல்கிறார், பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட் இன்னும் நிற்கிறது. மண் பரிசோதனை அறிக்கை நன்றாகவே வந்திருக்கிறது. அப்படியும் கட்டட அனுமதிக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும் என்கிறார்கள். மேல்மண்ணை இரண்டடி வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். இந்த வாரம் ஷெட்டை இடிக்க ஆள் சொல்லியிருக்கிறோம். இடிக்கலாமா?

கிணற்றடி:
முதலில் அந்த ஆளை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் செய்த மண் பரிசோதனை, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது. அஸ்திவாரத்துக்கு அது போதும். அதே மண்ணில் டீசலோ ஈயமோ கலந்திருந்தாலும் அந்த அறிக்கையில் ஒரு வரிகூட வராது, ஏனென்றால் யாரும் அதைத் தேடவே இல்லை. இதை நிறையப் பேர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சுற்றுச்சூழல் ஆய்வின் முதல் கட்டத்தில் மண்ணைத் தோண்டவே மாட்டார்கள். பழைய பத்திரங்கள், வரைபடங்கள், வான்வழிப் படங்கள் பார்ப்பார்கள், அங்கே வேலை செய்தவர்களிடம் பேசுவார்கள், மனையை நடந்து பார்ப்பார்கள். எங்கே என்ன கொட்டியிருக்கலாம் என்பது தெரிந்த பிறகுதான் இரண்டாம் கட்டத்தில் அந்த இடங்களில் துளை போட்டு மண், நிலத்தடி நீர் மாதிரி எடுப்பது. முதல் கட்டம் இல்லாமல் நேராகத் துளை போட்டால் டேங்க் இருந்த மூலையை விட்டுவிட்டு நல்ல இடத்தில் மாதிரி எடுத்து, சுத்தமாக இருக்கிறது என்று அறிக்கை வாங்கிக்கொண்டு வருவீர்கள். இரண்டடி வெட்டும் யோசனையும் அப்படித்தான், டேங்க் புதைந்திருப்பதே அதற்குக் கீழேதானே.

கூரைக்காரன்:
ஆஸ்பெஸ்டாஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். ஷீட் முழுதாக இருக்கும்வரை பயம் குறைவு, உடைக்கும்போதும் அறுக்கும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கிளம்பும். மூச்சில் போனால் நோய் உடனே தெரியாது, 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட நுரையீரல் உறையில் புற்றுநோயாக வரும். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்தது இதனால்தான். இதில் பழகிய ஆட்களை வைத்து, ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்கி, கனமான பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி, அபாயக் கழிவாகத்தான் அனுப்ப வேண்டும். சாதாரணத் துணி முகமூடி இந்த நாரைத் தடுக்காது. பொக்லைன் விட்டு இடித்தால் நார் முழுக்க மண்ணோடு கலந்துவிடும், அப்புறம் அந்த மண்ணே அபாயக் கழிவு.

புதுமனை:
இடிப்பதை நிறுத்திவிட்டேன். இன்று பழைய மெக்கானிக் ஒருவரைப் பார்த்தேன், கிரீஸ் படிந்த பாகங்களை ஏதோ கரைப்பான் ஊற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பின்பக்கக் குழியில் விடுவார்களாம். இதுவும் கணக்கில் வருமா?

கிணற்றடி:
டீசல் டேங்கைவிட இதுதான் எனக்குக் கவலை. டீசல் தண்ணீரில் மிதக்கும். கிரீஸ் எடுக்கப் பயன்படுத்திய ட்ரைகுளோரோஎத்திலீன் மாதிரியான கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனம், நிலத்தடி நீருக்குள் இறங்கி அடியில் போய்த் தங்கும். அங்கிருந்து ஆவி மேலே வந்து தரை வெடிப்பு, குழாய் நுழையும் ஓட்டை வழியாக வீட்டுக்குள் புகும். வாசனை தெரியாத அளவிலேயே கெடுதல் செய்யும். அதனால் மண்ணிடைக் காற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஆவி இருந்தால் தரைக்கு அடியில் குழாயும் தடுப்புப் படலமும் போட்டு வெளியேற்றலாம், ஆனால் அதைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே வடிவமைப்பில் சேர்க்க வேண்டும்.

பத்திரத்தையும் வரி விடாமல் படியுங்கள். அமெரிக்காவில் லவ் கேனால் என்ற இடத்தில் 1942 முதல் சுமார் 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, 1953-ல் அந்த நிலத்தை 1 டாலருக்குப் பள்ளி வாரியத்துக்குக் கொடுத்தார்கள். கழிவு புதைத்திருக்கிறது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அப்படியும் பள்ளி கட்டினார்கள், சுற்றிலும் வீடுகள் வந்தன, 1978-ல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

சைட் எஞ்சினியர்:
நான் வேலை பார்த்த ஒரு சைட்டில் ஆய்வே செய்யாமல் தோண்டினோம். எட்டடியில் மண் கறுப்பாக வந்தது, பெட்ரோல் நாற்றம், இரண்டு பேருக்குத் தலைசுற்றல். வேலை நின்றது. அந்த மண்ணை எந்த லாரிக்காரரும் ஏற்ற மாட்டேன் என்றார், குழியில் ஊறிய தண்ணீரை எங்கேயும் விட முடியவில்லை, நான்கு மாதம் போய்விட்டது. அந்த இரண்டு பேரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, டேங்க் கிடைத்தால் காலியாக இருக்கிறதே என்று கேஸ் கட்டர் வைக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் டீசல் சூட்டில் ஆவியாகி வெடிக்கும்.

புதுமனை:
முதல் கட்ட ஆய்வுக்குச் சொல்லிவிட்டோம், மெக்கானிக்கையும் கூட்டிப்போய்க் குழி இருந்த இடத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறேன். வரைபடம் போடுபவரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று தம்பி பேசிவிட்டான்.